மலைக்காக வழக்காடிய மாமனிதர் கோல்பி

வழக்குரைத்தல் ஒரு தொழில். அத்தொழிலில் வல்லோர்க்குப் பொருளும் புகழும் தாமே வந்து சேரும். ஆனால், கட்டணம் தருவார் எவருமில்லாத வழக்கொன்றை வாழ்நாள் முழுதும் நடத்துவோர் மிகச் சிலரே. மலையும் ஆறும் மரமும் தம் குறையைத் தாமே எடுத்துரைக்க மாட்டா. அவற்றின் சார்பில் அரை நூற்றாண்டு நின்றவர், அமெரிக்க நாட்டின் கலிபோர்னியா மாநிலத்து வழக்கறிஞர் வில்லியம் எட்வர்ட் கோல்பி. அப்பெருமகனாரின் வாழ்வை ஈண்டு நாம் சுருங்கக் காண்போம்.

1875ஆம் ஆண்டு பெனிஷியா என்னும் ஊரில் பிறந்த கோல்பி, 1898இல் சட்டப் பட்டம் பெற்றார். அவ்வாண்டுக் கோடையிலேயே யோசெமிட்டிப் பள்ளத்தாக்கில் சியரா சங்கத்தின் சார்பாளராகத் தங்கி, வந்தோர்க்கு வழிகாட்டினார். இயற்கை அறிஞர் ஜான் மியூர் 1892 முதல் தலைமையேற்று நடத்திய சங்கம் அது. 1900இல் அதன் செயலாளர் பொறுப்பு இருபத்தைந்து வயது கோல்பியின் தோளில் ஏறியது. இடையே 1917 முதல் 1919 வரை தலைவராக இருந்த காலம் நீங்கலாக, 1946 வரை அப்பொறுப்பை அவர் சுமந்தார்.

இங்கு ஒரு வியப்பைக் காண்கிறோம். அவர் பிழைப்புக்காகப் பயின்ற துறை சுரங்கச் சட்டம். மலையைக் குடைவோரின் உரிமைகளை ஆராய்ந்து பொருளீட்டியவரே, எஞ்சிய பொழுதையெல்லாம் மலையைக் காப்பதற்கு ஈந்தார். சங்கப் பணிக்கு ஊதியம் பெற்றாரல்லர்.

காணாத ஒன்றன்மீது மக்கட்குப் பற்று உண்டாகாது என்பதை உணர்ந்த கோல்பி, 1901இல் உயர்மலைப் பயணங்களைத் தொடங்கினார். ஆண்டுதோறும் பெருங்கூட்டமாக ஆடவரும் பெண்டிரும் அவர் பின்னே மலையேறினர். 1929 வரை அப்பயணங்களை அவரே நடத்தினார். அங்ஙனம் மலையைக் கண்டு மீண்டோரே, பின்னர் அதனைக் காக்க எழுந்தனர்.

அக்காலத்தில் யோசெமிட்டிப் பள்ளத்தாக்கு மாநில அரசின் கையிலும், அதனைச் சூழ்ந்த தேசியப் பூங்கா நடுவணரசின் கையிலும் இருந்தன. இரண்டையும் ஒரே ஆட்சியின்கீழ்க் கொணர மியூரும் கோல்பியும் அயராது உழைத்தனர். 1905இல் மாநிலம் இசைந்தது. 1906இல் நடுவணரசு ஏற்றது.

அவ்வெற்றியின் சுவை மாறுமுன்னரே பெருஞ்சோதனை வந்தது. பூங்காவினுள் அமைந்த ஹெட்ச் ஹெட்சி என்னும் எழிற்பள்ளத்தாக்கில் அணைகட்டி நீர் கொணர சான் பிரான்சிஸ்கோ நகரம் விழைந்தது. 1906ஆம் ஆண்டு நிலநடுக்கமும் தீயும் அந்நகரை அழித்திருந்தமையால், தண்ணீர்க் கோரிக்கைக்கு எங்கும் இரக்கம் பெருகியது. சங்கத்திலேயே கருத்து இரண்டுபட்டது. நிறுவியோருள் ஒருவரான வாரன் ஓல்னி அணையை ஆதரித்தார். நீர் வேண்டும் நகரத்தாரைப் பகைவர் எனல் எளிதன்று. ஆயினும் வேறிடத்தில் நீர் பெறலாம், பள்ளத்தாக்கை மீண்டும் பெறவியலாது என்பது கோல்பியின் துணிவு. 1910இல் உறுப்பினரிடையே வாக்கெடுத்தபோது பெரும்பாலோர் அவர் பக்கமே நின்றனர். எனினும், 1913 டிசம்பரில் அணைக்கு இசைவளிக்கும் சட்டம் நிறைவேறியது. மறு ஆண்டு மியூர் மறைந்தார். 1923இல் அணை எழுந்தது. பள்ளத்தாக்கு நீருள் மூழ்கியது.

தோற்றவர் ஒதுங்கியிருப்பின் யார் குறை கூறியிருப்பர்? கோல்பி ஒதுங்கவில்லை. மியூர் நினைவாக நெடிய மலைப்பாதையொன்று அமைய 1915இல் மாநிலம் நிதியளித்தது. 1938இல் பாதை முற்றுப்பெற்றது. 1926இல் செக்கோயா பூங்கா விரிந்தது. 1940இல் கிங்ஸ் கேன்யன் பூங்கா பிறந்தது. இரண்டிலும் அவர்தம் உழைப்பு உண்டு. 1927இல் மாநிலப் பூங்கா ஆணையத்தின் முதல் தலைவரானார். மறு ஆண்டே, பூங்கா நிலங்கள் வாங்க 60 லட்சம் டாலர் கடன்பத்திரத்திற்கு மக்கள் வாக்களித்து ஒப்புதல் நல்கினர்.

1961இல் சங்கம் ஜான் மியூர் விருதை நிறுவியபோது, முதல் விருது கோல்பிக்கே உரியதாயிற்று. 1964இல் தம் எண்பத்தொன்பதாம் அகவையில் அவர் மறைந்தார். தன்னார்வத் தலைமைக்குச் சியரா சங்கம் வழங்கும் விருது அவர் பெயரையே தாங்குகிறது.

கற்ற கல்வி வயிற்றுக்கு மட்டும் அன்று. தோல்வி பணியின் முடிவும் அன்று. கோல்பியின் வாழ்வு நமக்கு உணர்த்துவன இவ்விரண்டுமே. பட்டம் பெற்று வெளியேறவிருக்கும் மாணவர்கள் இவற்றை நெஞ்சில் இருத்துவாராக!