குதிரைமாளிகை கட்டிய மன்னர்

திருவனந்தபுரத்தில் பத்மநாப சுவாமியைத் தரிசித்து வெளியே வரும் நம்மவர் பலர், கோயிலை அடுத்துள்ள குதிரைமாளிகையை ஏறிட்டும் பாராமல் பேருந்துக்கு விரைவதை நாம் கண்டிருக்கிறோம். நாமும் பல்லாண்டுகள் அவ்வாறே விரைந்தவர்கள்தாம். ஊரிலிருந்து வந்த உறவினரோடு ஒருநாள் உள்ளே சென்று பார்த்த பின்னரே, அதனைக் கட்டிய மன்னருக்கும் தமிழராகிய நமக்கும் உள்ள உறவு நம் உள்ளத்தில் பதிந்தது. அம்மன்னர் வரலாற்றை ஈண்டுச் சுருங்கக் கூற விழைகின்றோம்.

சுவாதித் திருநாள் ராம வர்மா 1813ஆம் ஆண்டு ஏப்ரல் 16ஆம் நாள் திருவிதாங்கூர் அரசி கௌரி லட்சுமி பாயின் மைந்தராகத் தோன்றினார். ஆண் வாரிசு இல்லையெனில் நாடு கும்பினியார் வசமாகிவிடுமோ என்று அனைவரும் அஞ்சிய காலம் அது. ஆதலின் கருவிலிருந்தபோதே அரசராகக் கருதப்பெற்றார். கர்ப்ப ஸ்ரீமான் என்னும் பெயர் அவருக்கு வாய்த்தது அதனாலேயே. நாடு முழுதும் கொண்டாடிய அக்குழந்தை, நடை பயிலும் பருவத்திலேயே அன்னையை இழந்தது. சிற்றன்னை கௌரி பார்வதி பாய் நாட்டையும் குழந்தையையும் ஒருங்கே காத்தார். தஞ்சாவூர் சுப்பா ராவ் ஆங்கிலம் பயிற்றுவித்தார். 1829இல், 16ஆம் அகவையில், மன்னர் ஆட்சிப் பொறுப்பை ஏற்றார்.

1834இல் அவர் ஆதரவில் தோன்றிய ஆங்கிலப் பள்ளியே பின்னர்ப் பல்கலைக்கழகக் கல்லூரியாக வளர்ந்தது. 1837இல் வானாராய்ச்சி நிலையம் எழுந்தது. எனினும் அவர் புகழ் நிலைத்தது இசையினால் ஆகும். வடமொழி, மலையாளம், தெலுங்கு, கன்னடம், இந்துஸ்தானி ஆகிய மொழிகளில் அவர் பாடல்கள் இயற்றினார். தஞ்சை நால்வர் எனப்படும் சின்னையா, பொன்னையா, சிவானந்தம், வடிவேலு ஆகிய சகோதரர்கள் அவரது அவையை அணி செய்தனர். மேனாட்டு வயலினைக் கர்நாடக இசைக்கு உரியதாக்கியோருள் ஒருவரான வடிவேலுவுக்கு, மன்னர் 1834இல் தந்தத்தால் ஆன வயலினைப் பரிசளித்துச் சிறப்பித்தார். ஊர் விட்டு வந்த கலைஞருக்கு இதனினும் பெரிய வரவேற்பு வேறு என்ன வேண்டும்?

1840இல் கல்லன் என்னும் ஆங்கிலேயர் ரெசிடெண்டாக வந்தபின், அரசாங்கக் காரியங்களில் தலையீடு மிகுந்தது. மனம் நொந்த மன்னர் பக்தியிலும் இசையிலும் ஆறுதல் தேடினார். அந்நாளில் அவர் எழுப்பியதே குதிரைமாளிகை. கூரையின் கீழ் வரிசையாக 122 மரக் குதிரைகள் பாய்ந்து நிற்கின்றன. ஆனால் கட்டியவருக்கு அங்கு நெடிது வாழும் பேறு கிட்டவில்லை. 1846இல், 33ஆம் வயதில், அவர் மறைந்தார். மாளிகையும் நெடுங்காலம் பூட்டிக் கிடந்தது. இன்று அதன் ஒரு பகுதி அருங்காட்சியகமாகத் திகழ்கின்றது. பளிங்கு அரியணை, தந்த அரியணை, ஓவியங்கள், படைக்கலங்கள் ஆகியவற்றை அங்கே காணலாம்.

பூட்டிய மாளிகையைப் போலவே அவர் பாடல்கள் பலவும் வழக்கொழிந்து போயின. 1939இல் திருவனந்தபுரத்தில் அவர் பெயர் தாங்கும் இசைக் கல்லூரி தோன்றியது. அதன் முதல் தலைவர் ஹரிகேசநல்லூர் முத்தையா பாகவதர். அவருக்குப்பின் செம்மங்குடி சீனிவாச ஐயர் அப்பொறுப்பை ஏற்றார். நெல்லைச் சீமையிலும் தஞ்சைத் தரணியிலும் பிறந்த இவ்விருவரும், மலையாளக் கரையின் வித்துவான்களோடு கூடி அப்பாடல்களைத் தேடித் திருத்தி மேடையேற்றினர். மன்னர் தஞ்சைக் கலைஞருக்கு அளித்த ஆதரவை, ஒரு நூற்றாண்டு கழித்துத் தமிழ்நாடு திருப்பிச் செலுத்தியது என்றே நாம் கருதுகின்றோம்.

பிழைப்பை நாடி இம்மண்ணுக்கு வந்தவர்கள் நாம். வாழவைத்த ஊருக்கு நாம் திருப்பித் தரப்போவது யாது? அடுத்த விடுமுறையில் அன்பர்கள் தம் மக்களைக் குதிரைமாளிகைக்கு அழைத்துச் செல்க. வடிவேலுவின் கதையை அங்கே நின்று சொல்லுக. அக்கேள்வியைப் பிள்ளைகள் தாமே கேட்பார்கள்.