சேற்றிலே உயிரின் இரகசியம் கண்ட செர்கேய் வினோகிராட்ஸ்கி

சேறு என்றதும் நாம் மூக்கைப் பொத்திக்கொள்கிறோம். கால் வைத்தால் கறுத்துக் குழையும் அதன் நிறமும், அழுகிய முட்டை போன்ற அதன் நாற்றமும் நமக்குப் பிடிப்பதில்லை. ஆனால் அந்தச் சேற்றுக்கே தம் வாழ்வை ஒப்படைத்த மேதை ஒருவர் இருந்தார். மண் நுண்ணுயிரியலின் தந்தையருள் ஒருவராக உலகம் போற்றும் செர்கேய் வினோகிராட்ஸ்கிதான் அவர். பாடப்புத்தகத்தில் ஒரு வரியில் வந்து மறையும் அவரைச் சற்று நெருங்கிப் பார்ப்போமா, தோழியரே?

வினோகிராட்ஸ்கி 1856-ஆம் ஆண்டு, அன்று ரஷ்யப் பேரரசில் இருந்த கீவ் நகரில் செல்வக் குடும்பத்தில் பிறந்தார். முதலில் சட்டம் பயின்றார், மனம் ஒட்டவில்லை. பிறகு புனித பீட்டர்ஸ்பர்க் இசைக்கல்லூரியில் சேர்ந்து பியானோ கற்றார். இசையில் ஆர்வமும் திறமையும் இருந்தும் அதுவும் அவருக்கு நிறைவு தரவில்லை. இறுதியில் அந்நகரப் பல்கலைக்கழகத்திலேயே இயற்கை விஞ்ஞானம் பயின்று 1881-இல் பட்டம் பெற்றார். தமக்குரிய பாதை எது என்று தெரியாமல் தடுமாறும் நம்மில் பலருக்கு இது ஆறுதல் தரும் செய்தி அல்லவா?

1885-இல் ஸ்ட்ராஸ்பர்க் நகரில், புகழ்பெற்ற தாவரவியலறிஞர் ஆன்டன் டி பாரியின் ஆய்வுக்கூடத்தில் சேர்ந்தார். பாக்டீரியாக்கள் சூழ்நிலைக்கேற்ப உருவத்தை மாற்றிக்கொண்டு ஒன்று மற்றொன்றாகிவிடும் என்று அக்காலத்தில் விஞ்ஞானிகள் சிலர் நம்பினர். உண்மை என்னவென்று அறிய வினோகிராட்ஸ்கி கந்தக ஊற்றுகளில் வெண்ணிற இழைகளாக வளரும் பெஜியடோவா என்ற பாக்டீரியாவைத் தேர்ந்தெடுத்தார். கண்ணாடித் தகட்டின்மேல் அதை வளர்த்து, நீரைச் சிறிது சிறிதாக மாற்றி, அதே இழைகளை நுண்ணோக்கியின்கீழ் நாள்தோறும் பொறுமையாகக் கவனித்துவந்தார்.

அழுகிய முட்டை நாற்றமுடைய ஹைட்ரஜன் சல்பைடு வாயு கலந்த நீரில் அந்த இழைகளுக்குள் கந்தக மணிகள் நிறைந்தன. அந்த வாயு இல்லாத நீரில் அம்மணிகள் கரைந்து கந்தக அமிலமாக மாறின. இழை மட்டும் வேறோர் உயிராக மாறவே இல்லை. கனிமப் பொருளை எரித்து அதிலிருந்தே சக்தி பெற்று வாழும் உயிரும் உண்டு என்ற புதிய உண்மையை 1887-இல் அவர் வெளியிட்டார்.

அடுத்த ஆண்டே டி பாரி காலமானார். வினோகிராட்ஸ்கி சூரிச் நகருக்குச் சென்றார். மண்ணில் அம்மோனியா நைட்ரேட்டாக மாறுவதற்குக் காரணமான நுண்ணுயிரைத் தேடினார். அன்று எல்லோரும் ஜெலட்டின் போன்ற சத்துப் பொருளின்மேல்தான் பாக்டீரியாவை வளர்த்தனர். அந்தச் சத்தே இந்த நுண்ணுயிருக்கு ஆகாது என்பதை உணர்ந்த அவர், உணவுச்சத்து ஏதுமற்ற சிலிக்காக் களியில் அதை வளர்த்துக் காட்டினார். அது சூரிய ஒளி இன்றியே கரியமிலவாயுவிலிருந்து தன் உடலைக் கட்டிக்கொண்டது! பச்சைத் தாவரங்களால் மட்டுமே இயலும் என்று எண்ணப்பட்ட செயலை இருட்டு மண்ணில் வாழும் ஒரு கண்காணா உயிரும் செய்வதை 1890-இல் உலகம் அறிந்தது.

1891-இல் புனித பீட்டர்ஸ்பர்க்கின் சோதனை மருத்துவ நிறுவனம் அவரை அழைத்துக்கொண்டது. பிராணவாயுவின்றி வாழ்ந்து, காற்றிலுள்ள நைட்ரஜனை மண்ணில் சேர்க்கும் பாக்டீரியாவைக் கண்டுபிடித்து, லூயி பாஸ்டர் நினைவாக அதற்குப் பெயரிட்டார். அவரிடம் பயின்ற ஒமெலியான்ஸ்கி என்பவர், காற்றுப் புகாத இடத்தில் இலைதழைகளின் செல்லுலோஸ் நொதித்து ஹைட்ரஜனும் மீதேனும் வெளிவருவதை ஆராய்ந்தார். சதுப்பு நிலத்தில் குமிழியிடும் வாயுவின் கதை இவ்வாறு விளங்கத் தொடங்கியது.

பின்னர் உடல்நலம் குன்றவே வினோகிராட்ஸ்கி பணியிலிருந்து விலகித் தம் பண்ணையில் வாழ்ந்தார். 1917-இல் புரட்சி வெடித்தது. சொத்துகள் அனைத்தும் போயின. தாய்நாட்டையும் விட்டு வெளியேற நேர்ந்தது. பிறர் ஓய்வுபெறும் வயதில் அவர் அகதியானார். அவ்வேளையில் பாரிஸ் பாஸ்டர் நிறுவனத்திலிருந்து அழைப்பு வந்தது. 1922-இல், தம் 66-ஆம் வயதில், பாரிஸுக்கு அருகிலுள்ள பிரி-கோம்த்-ரொபேர் என்ற சிற்றூரில் அவர் ஆய்வை மீண்டும் தொடங்கினார். அவர் மகள் எலேனும் அங்கே அவருடன் ஆய்வுகளில் பங்கேற்றார் என்பது நமக்குப் பெருமை தரும் செய்தி.

மண்ணில் இரு வகை நுண்ணுயிர்கள் உண்டு என்று அவர் அங்கே விளக்கினார். புதிய இலைதழை விழுந்ததும் விருந்துக்கு வந்தவர்போல் பெருகி, அது தீர்ந்ததும் அடங்கிவிடுபவை ஒருவகை. பழைய மக்கை மெல்ல மெல்லத் தின்று என்றும் நிலைத்திருப்பவை மற்றொரு வகை. இவற்றுக்குப் பற்கள் இல்லை. என்சைம் எனப்படும் நொதிகளே இவற்றின் கருவிகள். கடினமான செல்லுலோஸையும் நொதிகள் சிறு சர்க்கரைகளாக உடைத்துவிடுகின்றன. வெளிவரும் கார்பனில் ஒரு பங்கு நுண்ணுயிரின் உடலாகிறது. ஒரு பங்கு கரியமிலவாயுவாகக் காற்றில் கலக்கிறது.

அப்படியானால் சதுப்பு நிலத்தில் மட்டும் இலைதழைகள் ஆயிரக்கணக்கான ஆண்டுகள் மக்காமல் கிடப்பது ஏன்? நீர் தேங்கிய மண்ணில் பிராணவாயு புகுவதில்லை. ஃபீனால் ஆக்சிடேஸ் என்ற நொதி வேலை செய்யப் பிராணவாயு வேண்டும். அது முடங்கியதும் தாவரங்களின் ஃபீனால் பொருள்கள் அழியாமல் தேங்கி, மற்ற நொதிகளின் கைகளையும் கட்டிவிடுகின்றன. வேல்ஸ் நாட்டு ஆய்வாளர்கள் 2001-இல் வெளியிட்ட விளக்கம் இது. பீட் எனப்படும் கரிமண் சதுப்புகள் உலக நிலப்பரப்பில் ஏறத்தாழ 3 சதவீதமே. எனினும் மண்ணிலுள்ள கார்பனில் சுமார் மூன்றில் ஒரு பங்கு அவற்றில் அடங்கியிருக்கிறது. அந்நீரை வடித்துவிட்டால் காற்று புகும், நொதிகள் விழித்துக்கொள்ளும், யுகயுகமாகச் சேர்ந்த கார்பன் கரியமிலவாயுவாகக் கிளம்பிப் பூமியின் வெப்பத்தைக் கூட்டும். பயனற்ற சேறு என்று எண்ணிச் சதுப்பைத் தூர்ப்பவர்கள் எவ்வளவு பெரிய பெட்டகத்தை உடைக்கிறார்கள் என்பதை நாம் சிந்திக்க வேண்டும்.

வினோகிராட்ஸ்கியின் பெயரால் வழங்கும் எளிய சோதனை ஒன்றை நாமும் நம் ஆய்வுக்கூடத்தில் செய்து பார்க்கலாம். உயரமான கண்ணாடிக் குடுவையில் குளத்துச் சேற்றுடன் கிழித்த காகிதமும், சிறிது ஜிப்சமும் கலந்து நிரப்பி, மேலே குளத்து நீரை ஊற்றி மூடி, வெளிச்சம் படும் சன்னலருகே வைக்க வேண்டும். சில வாரங்களில் கறுப்பு, பச்சை, ஊதா எனப் பல நிற அடுக்குகள் தோன்றும். ஒவ்வோர் அடுக்கும் ஒரு நுண்ணுயிர்க் கூட்டம்! ஒன்றின் கழிவு மற்றொன்றுக்கு உணவாகிறது.

1935-இல் நுண்ணுயிரியலின் உயர்ந்த விருதான லீவன்ஹூக் பதக்கம் அவரைத் தேடி வந்தது. தம் வாழ்நாள் ஆய்வுகளைத் தொகுத்து 1949-இல், தொண்ணூறு வயதைக் கடந்த நிலையில், மண் நுண்ணுயிரியல் பற்றிய பெருநூலை வெளியிட்டார். 1953-இல் தம் 96-ஆம் வயதில் பிரான்சிலேயே கண்மூடினார்.

செல்வம் போயிற்று, நாடு போயிற்று. ஆனால் உற்றுநோக்கும் கண்ணையும் பொறுமையையும் எவராலும் அவரிடமிருந்து பறிக்க முடியவில்லை. கல்வியும் அப்படிப்பட்ட செல்வமே. அதைத் தேடி வந்திருக்கும் நாம், அற்பமென்று ஒதுக்கப்படும் பொருளையும் ஒரு முறை குனிந்து பார்க்கக் கற்றுக்கொள்வோம். நம் ஊர் ஏரியையும் குளத்தையும் குப்பை கொட்டித் தூர்க்காமல் காப்போம்.