லூசி வில்ஸ் அம்மையார்

உடலில் குருதி குன்றி, முகம் வெளுத்து, நான்கு அடி நடப்பதற்குள் மூச்சு வாங்கும் நோய்க்குச் சோகை என்று பெயர். நம் நாட்டு மருத்துவர்கள் இதனைத் தொன்றுதொட்டு அறிவர். அயச் செந்தூரம் முதலிய இரும்பு கலந்த மருந்துகளை இதற்கு அளித்து வந்தனர். மேனாட்டு மருத்துவரும் இரும்பையே இந்நோய்க்கு உற்ற மருந்தாகக் கொண்டனர். குருதிக்குச் செந்நிறம் தரும் பொருளில் இரும்பு அடங்கியிருத்தலின் அம்முறை பொருத்தமானதே. ஆயினும், இரும்பை எவ்வளவு கொடுத்தாலும் தணியாத சோகையும் உண்டு. கருவுற்ற ஏழை மகளிரைப் பற்றி, தாயையும் சேயையும் ஒருங்கே வாரிக்கொண்டு போன அந்நோய்க்கு மருந்து கண்டவர் லூசி வில்ஸ் என்னும் ஆங்கில அம்மையார்.

இவர் 1888ஆம் ஆண்டு மே திங்கள் 10ஆம் நாள், பர்மிங்காம் நகரையடுத்த சட்டன் கோல்டுபீல்டு என்னும் ஊரில் பிறந்தார். அரிவாள் முதலிய கருவிகளைச் செய்யும் தொழிலை உடையது இவர் குடும்பம். அறிவியலிலும் அதற்கு ஈடுபாடு மிகுதி. லூசி, கேம்பிரிட்ஜில் நியூன்ஹாம் கல்லூரியில் சேர்ந்து, தாவர நூலும் நில நூலும் பயின்று, 1911இல் தேர்வில் வெற்றி பெற்றார். ஆயினும் பட்டம் கிடைக்கவில்லை. ஆடவர் எழுதிய தேர்வையே எழுதினும் பெண்டிர்க்குப் பட்டம் இல்லை என்பது அப்பல்கலைக்கழகத்தின் அந்நாள் விதி. அவ்விதி நீங்குவதற்கு 1948ஆம் ஆண்டு வரவேண்டியிருந்தது.

1914இல் இவர் தென்னாப்பிரிக்கா சென்றிருந்தபோது முதல் உலகப் போர் மூண்டது. கேப்டவுன் நகர மருத்துவமனை ஒன்றில் சில கிழமைகள் நோயாளரைப் பேணும் தொண்டினைச் செய்தார். தாயகம் திரும்பியதும், 1915 சனவரியில் இலண்டனில் பெண்களுக்கென அமைந்த மருத்துவப் பள்ளியில் சேர்ந்தார். 1920இல் மருத்துவப் பட்டம் பெற்றபோது இவருக்கு வயது 32. எனினும் தனியே மருத்துவத் தொழில் நடத்துவதில் மனம் செல்லவில்லை. ஆராய்ச்சிக் கூடமே இவரை ஈர்த்தது.

அக்காலத்தில் பம்பாய் நகரின் துணியாலைகளில் உழைத்த ஏழைப் பெண்கள் பலர், கருவுற்ற காலத்தில் கடுஞ்சோகையால் மாண்டனர். பேறுகால இறப்பைப் பற்றி ஆராய்ந்துவந்த மார்கரெட் பால்பர் என்னும் மருத்துவ அம்மையார், துணைபுரியுமாறு லூசி வில்ஸை அழைத்தார். 1928இல் இவர் பம்பாய் வந்து, ஹாப்கின் ஆராய்ச்சி நிலையத்தில் பணி தொடங்கினார்.

நோயுற்ற மகளிரின் குருதியை நுண்ணோக்கியில் வைத்து நோக்கினால், வியப்பான ஒரு வேற்றுமை புலப்படும். இரும்பு குறைந்தவரின் சிவப்பணுக்கள் சிறுத்து வெளிறியிருக்கும். இம்மகளிரின் அணுக்களோ இயல்பான அளவினும் பெருத்திருந்தன. ஆனால் எண்ணிக்கையில் மிகக் குறைந்திருந்தன. இரும்பன்றி வேறு ஏதோ ஒன்று இங்குக் குறைந்தது என்பதற்கு அதுவே சான்று. இவ்விரு குறைகளும் ஒருவரிடத்தே சேர்ந்திருப்பதும் உண்டு. அப்போது ஒன்று மற்றொன்றை மறைத்து மருத்துவரை மயக்கும்.

குறைந்தது யாது? தொற்று நோயாக இருக்குமோ என்று இவர் முதலில் ஐயுற்றார். அதற்குச் சான்று கிடைக்கவில்லை. பிறகு அம்மகளிர் நாள்தோறும் உண்பது என்ன என்று வீடுதோறும் விவரம் திரட்டப்பட்டது. பல பிரிவினரின் உணவையும் ஒப்பிட்டபோது, காயும் கனியும் பாலும் புலாலும் மிகக் குறைவாக உண்டவரிடையே நோய் மிகுந்திருப்பது தெரிந்தது. குருதியைத் தேடி வந்தவர் அடுப்பங்கரைக்குச் சென்று விடை தேடியது, இவர் ஆராய்ச்சியின் தனிச் சிறப்பு எனலாம்.

1929இல் இவர் நீலகிரி மலையிலுள்ள குன்னூருக்கு வந்தார். அங்குள்ள பாஸ்டர் நிலையத்தில் மக்கார்ரிசன் என்னும் அறிஞர், உணவைப் பற்றிய ஆராய்ச்சிக்கு அந்நாளில் தலைமை தாங்கினார். பம்பாய் ஏழையர் உண்ணும் உணவைப் போன்றதையே வெள்ளெலிகளுக்குக் கொடுத்து இவர் சோதித்தார். எலிகள் சோகையுற்றன. ஆயினும் ஒரு சிக்கல் எழுந்தது. பேன்களால் பரவும் ஒரு கிருமியும் அவ்வெலிகளின் குருதியை அழித்துக்கொண்டிருந்தது. எது உணவின் குற்றம், எது கிருமியின் குற்றம் எனப் பிரித்தறிதல் அரிதாயிற்று. இவர் சோர்வுறவில்லை, பின்னர்க் குரங்குகளைக் கொண்டும் சோதனையைத் தொடர்ந்தார்.

1931இன் தொடக்கத்தில் சென்னையில், மக்கள் கோஷா ஆஸ்பத்திரி என்று வழங்கும் திருவல்லிக்கேணி மகளிர் மருத்துவமனையிலும் இவர் பணியாற்றினார். அம்மருத்துவமனை இன்று கஸ்தூரிபா காந்தியின் பெயரைத் தாங்கி நிற்கிறது.

கொடிய சோகை ஒன்றனுக்குக் கல்லீரல் நல்ல மருந்து என்பதை 1926இல் மைனாட், மர்பி என்னும் அமெரிக்க மருத்துவர் இருவர் காட்டியிருந்தனர். ஆனால் கல்லீரற் சாறு விலை மிக்கது, ஏழைகளுக்கு எட்டாதது. மதுவடிசாலைகளில் எஞ்சும் ஈஸ்டிலிருந்து எடுக்கப்படும் மார்மைட் என்னும் கரிய குழம்பு ஒன்று உண்டு. இங்கிலாந்தில் அதனை ரொட்டியில் தடவி உண்பர், விலையும் குறைவு. லூசி அம்மையார் அதனை நோயுற்ற மகளிர்க்குக் கொடுத்துப் பார்த்தார். சில நாட்களிலேயே குருதியில் இளஞ்சிவப்பணுக்கள் பெருகின, பசியின்றிக் கிடந்தவர் உணவு கேட்டனர், படுத்திருந்தவர் எழுந்தனர். இம்முடிவுகளை 1931 சூன் திங்களில் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் வெளியிட்டார்.

மார்மைட்டில் இருந்த அந்தப் பொருள் இன்னது என்று அப்போது எவர்க்கும் தெரியாது. 1937இல் இவர் துணைவர் இருவருடன் செய்த ஆராய்ச்சி, தூய்மையாக்கிய கல்லீரற் சாற்றில் அப்பொருள் இல்லை என்பதைக் காட்டியது. எனவே அது முற்றிலும் புதியதொரு சத்து என்பது உறுதியாயிற்று. அறிஞர்கள் அதனை வில்ஸ் காரணி என்றே வழங்கினர். அவ்வாண்டின் இறுதியில் இவர் நீரில் இறங்கும் வானூர்தி ஏறி, வழியெங்கும் தங்கித் தங்கிக் கராச்சியை அடைந்து, மீண்டும் பம்பாய் சென்றார்.

1941இல் அமெரிக்க அறிஞர்கள் நான்கு டன் பசலைக் கீரையை வடித்துப் பிழிந்து, மிகச் சிறிதளவு சத்தினைப் பிரித்தெடுத்தனர். இலை என்று பொருள்படும் இலத்தீன் சொல்லிலிருந்து அதற்குப் போலிக் அமிலம் என்று பெயரிட்டனர். 1945இல் லெடர்லி ஆராய்ச்சிக் கூடத்தில் அது செயற்கையாக ஆக்கப்பட்டது. அக்கூடத்தின் ஆராய்ச்சித் தலைவர், சென்னை மருத்துவக் கல்லூரியில் பயின்ற எல்லாப்பிரகத சுப்பாராவ். வில்ஸ் காரணி அதுவே எனப் பின்னர்த் தெளிவாயிற்று.

சிவப்பணுக்கள் எலும்பின் மஜ்ஜையில் பிறக்கின்றன. ஓர் உயிரணு இரண்டாகப் பிரிவதற்கு முன், தன் உட்கருவிலுள்ள மரபுப் பொருளை இரட்டிக்க வேண்டும். அதற்குப் போலிக் அமிலம் இன்றியமையாதது. அது குறைந்தால் அணு வளரும், ஆனால் பிரியாது. ஆதலின் பெருத்த அணுக்கள் சிலவே தோன்றும். கருவுற்ற காலத்தில் தாயின் உடலும் சேயின் உடலும் ஒருங்கே வளர்தலின் இச்சத்தின் தேவை மிகுகிறது. பம்பாய் மகளிர் அக்காலத்தில் வீழ்ந்ததன் காரணம் இதுவே.

இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் இலண்டன் ராயல் பிரீ மருத்துவமனையில் இவர் பணிபுரிந்தார். பங்கீட்டு உணவும் இரும்பு மருந்தும் கருவுற்ற மகளிரின் குருதியை எவ்வாறு பாதிக்கின்றன என்று அப்போது ஆராய்ந்தார். அம்மருத்துவமனையில் குருதியியல் துறையை நிறுவியவரும் இவரே. மற்ற மருத்துவர்கள் காரில் வந்து இறங்க, இவர் மிதிவண்டியில் வருவது வழக்கம். 1947இல் ஓய்வு பெற்ற பின்னும் ஜமைக்கா, பிஜி முதலிய தீவுகளுக்குச் சென்று ஏழை மக்களின் உணவையும் சோகையையும் ஆராய்ந்தார். இலண்டனில் செல்சி நகராட்சி மன்றத்திலும் உறுப்பினராக இருந்தார். மணம் செய்துகொள்ளாமலே வாழ்ந்த இவர், 1964ஆம் ஆண்டு ஏப்பிரல் திங்களில் இயற்கை எய்தினார்.

கருவுறும் முன்னரே போலிக் அமிலம் உண்டுவரின், குழந்தையின் முதுகுத்தண்டில் தோன்றும் கொடிய குறை பெரும்பாலும் தவிர்க்கப்படும் என்பதை 1991இல் ஏழு நாடுகளில் நடந்த ஆராய்ச்சி காட்டியது. இது லூசி அம்மையார் கனவிலும் கருதாத பயன். இந்திய அரசு 1970ஆம் ஆண்டில் கருவுற்ற மகளிர்க்கு மாத்திரை வழங்கும் திட்டத்தைத் தொடங்கியது. அம்மாத்திரையில் இரும்பும் போலிக் அமிலமும் ஒன்றாகவே சேர்க்கப்பட்டுள்ளன.