கரோலைன் நார்ட்டன் அம்மையார்

சட்டம் எளியோர்க்கு அரணாதல் வேண்டும். அவ்வரணின் வாயில் ஆடவர்க்குத் திறந்தும் மகளிர்க்கு அடைபட்டும் இருந்த காலம் ஒன்றுண்டு. விவாகச் சட்டத்தில் அங்ஙனம் அடைபட்டிருந்த கதவைத் தம் எழுதுகோல் ஒன்றையே துணையாகக் கொண்டு தட்டிய ஓர் ஆங்கில மாதரசியின் சரிதத்தை ஈண்டுச் சுருக்கமாகக் கூறப் புகுகின்றோம்.

கரோலைன் அம்மையார் 1808-ம் ஆண்டு மார்ச்சு மாதம் 22-ந் தேதி லண்டன் மாநகரில் பிறந்தார். நாடகாசிரியராய்ப் புகழ்பெற்ற ரிச்சர்டு பிரின்ஸ்லி ஷெரிடன் இவருடைய பாட்டனார். தந்தையார் 1817-ல் தென்னாப்பிரிக்காவில் உத்தியோகத்திலிருக்கையில் காலஞ்சென்றமையால் குடும்பம் வறுமையுற்றது. 1827-ல், தமது 19-ம் வயதில், வக்கீலும் பார்லிமெண்டு அங்கத்தினருமாகிய ஜார்ஜ் நார்ட்டன் என்பாரை அம்மையார் மணந்தார். அம்மணம் அவர்க்கு இன்பம் பயக்கவில்லை. கணவர் அவரை அடித்தும் வைதும் துன்புறுத்தினார். அம்மையார் செய்யுளும் நாவலும் எழுதிப் பொருளீட்டினார். அப்பொருளும் அக்காலச் சட்டப்படி கணவர்க்கே உரியதாயிற்று.

1836-ல் கணவர் மூன்று ஆண்மக்களையும் தாயினின்று பிரித்துக் கொண்டுபோயினார். மூத்தவனுக்கு அப்போது வயது 6, இளையவனுக்கு 2. பின்னர், பிரதம மந்திரியாயிருந்த மெல்போர்ன் பிரபு தம் மனைவியோடு தகாத உறவு கொண்டாரெனக் குற்றஞ்சாட்டி, 10,000 பவுன் நஷ்டஈடு கோரி வழக்குத் தொடுத்தார். அவ்வழக்கில் அம்மையார் கட்சிக்காரர் அல்லர்; தம் மானத்தைக் குறித்தே விசாரணை நடப்பினும், சாட்சி சொல்லவும் அவர்க்கு உரிமையில்லை. ஜூரிகள் தம் இருக்கையைவிட்டு எழாமலே பிரபு குற்றமற்றவரெனத் தீர்ப்பளித்தனர்.

அம்மையார் பழி நீங்கினார், விடுதலையோ பெற்றாரிலர். அதன் காரணத்தை நாம் ஆராய்தல் தகும். அக்காலத்து இங்கிலாந்தில் மூன்று வழிகளே இருந்தன. முதலாவது, விவாகம் ஆதியிலேயே செல்லாதென அறிவித்தல். தடுக்கப்பட்ட உறவுமுறை, முன்மணம், சித்தசுவாதீனமின்மை, ஆண்மையின்மை போன்ற குறைகள் மணநாளிலேயே இருந்திருந்தாலன்றி இது கிட்டாது. இவற்றுள் ஒன்றும் அம்மையாருக்குப் பொருந்தவில்லை. இரண்டாவது, திருச்சபை நியாயஸ்தலம் அளிக்கும் பிரிவு. இதனைப் பெற்றார் தனித்து வாழலாமேயன்றி மறுமணம் செய்தல் கூடாது. இதற்கும் அவர் தகுதியிழந்தார். முன்னொருகால் கொடுமைக்கஞ்சி நீங்கியவர் கணவர் இல்லந் திரும்பினமையால், அக்கொடுமைகளை மன்னித்துவிட்டாரெனச் சட்டம் கொண்டது. மூன்றாவது, பார்லிமெண்டில் தனிச்சட்டம் நிறைவேற்றிப் பெறும் முழு விவாகரத்து. பெரும் பொருட்செலவை வேண்டிய இவ்வழியால், 1857-க்கு முன் விடுதலை பெற்ற மனைவியர் நால்வரே.

ஆகவே அம்மையார் எழுதத் தொடங்கினார். அவருடைய சிறு நூல்களும் டால்பர்டு என்னும் அங்கத்தினரின் முயற்சியும் சேர்ந்து, 1839-ல் குழந்தைகள் பாதுகாப்புச் சட்டத்தைத் தந்தன. கற்பு நெறி தவறாத தாய், 7 வயதிற்குட்பட்ட மக்களைத் தன்பால் வைத்துக்கொள்ள மனுச் செய்யலாம் என்று அது விதித்தது. அந்தோ! அச்சட்டம் செல்லாத ஸ்காட்லாந்தில் கணவர் மக்களை வைத்திருந்தார். 1842-ல் இளையவன் குதிரையினின்று வீழ்ந்து நோயுற்றான். தாய் ஓடோடிச் சென்றடையுமுன் உயிர் பிரிந்துவிட்டது. தாம் பெற்றுத்தந்த நீதி தமக்கே உதவாத அவலத்தை இதனினும் தெளிவாகக் காட்டுவது யாதுளது?

1853-ல் கணவர் ஒப்புக்கொண்ட ஜீவனாம்சத்தைக் கொடுக்க மறுத்தார். கணவனும் மனைவியும் சட்டத்தின் கண்ணில் ஒருவரேயாதலின், அவர்க்கிடையே எழுதிய ஒப்பந்தம் செல்லாதெனத் தெரியவந்தது. அம்மையார் 1855-ல் விக்டோரியா மகாராணியாருக்கு முறையீடாக ஒரு நூல் வெளியிட்டார். ஆணும் பெண்ணும் சமம் என்ற கொள்கையை அவர் ஏற்றவரல்லர். தாம் நாடியது காப்பு ஒன்றே என்றார். ஆயினும் அவர் கேட்ட கேள்விகள் அவர் கருதியதினும் தொலைவு சென்றன.

1857-ல் விவாக வழக்குச் சட்டம் நிறைவேறி, அடுத்த ஆண்டு தனி நியாயஸ்தலம் ஏற்பட்டது. கைவிடப்பட்ட மனைவி தன் சம்பாத்தியத்தைத் தானே காத்துக்கொள்ள வழி பிறந்தது. எனினும் நிறைகோல் சமன்படவில்லை. மனைவியின் விபசாரம் ஒன்றே கணவன் விடுதலை பெறப் போதும். மனைவியோ கணவனது விபசாரத்தோடு கொடுமையையோ, 2 ஆண்டுக் கைவிடுதலையோ, அவற்றையொத்த பெருங்குற்றத்தையோ காட்டல் வேண்டும். இங்கிலாந்தில் இவ்வேறுபாடு 1923-ல் ஒழிந்தது.

நம் நாட்டிற்கும் இதில் தொடர்புண்டு. 1869-ன் இந்திய விவாகரத்துச் சட்டம் அந்நிறைகோலையே கிறிஸ்தவ மக்களுக்கு அளித்தது. நம் சபைகளைச் சேர்ந்த மகளிர் 2001-ல் அது திருத்தப்படும்வரை அப்பாரத்தைச் சுமந்தனர். இன்று விபசாரம், கொடுமை, 2 ஆண்டுக் கைவிடுதல், 7 ஆண்டுகளாக உயிரோடிருக்கும் செய்தி கிட்டாமை முதலிய காரணங்கள் இருபாலார்க்கும் ஒப்ப உரியன. இருவரும் மனமொத்துக் கேட்கவும் வழியுண்டு.

அம்மையார் தம் கணவரிடமிருந்து ஒருபோதும் விவாகரத்துப் பெற்றாரிலர். 1875-ல் கணவர் இறந்த பின்னரே கட்டு நீங்கிற்று. 1877 மார்ச்சில் நெடுநாள் நண்பராகிய வில்லியம் ஸ்டர்லிங் மாக்ஸ்வெல் என்பாரை மணந்து, அவ்வாண்டு ஜூன் 15-ல் உயிர்நீத்தார்.

விவாகம் புனிதமானதென்று நாம் போற்றுகின்றோம், போற்றுதல் தக்கதே. அப்புனிதத்தின் பெயரால் ஒருவர் கண்ணீர் மாத்திரம் கணக்கில் வராமற்போவது தகாதென்பதே அம்மையார் வாழ்க்கை நமக்கு உணர்த்தும் பாடமாகும். நாளை நியாயஸ்தலங்களிலும் சபைகளிலும் இல்லங்களிலும் தீர்ப்புக் கூறவிருக்கும் நம் மாணவ மாணவியர், தாய் சென்றடையுமுன் கண்மூடிய அச்சிறுவனை மறவாதிருப்பாராக.