மாகாண எல்லை கடந்த மின்சாரம்: அம்பேத்கரின் நான்காண்டுகள்

1942 சூலையில் வைசிராயின் நிர்வாகக் குழுவில் தொழிலாளர் உறுப்பினராக அண்ணல் அம்பேத்கர் பொறுப்பேற்றார். பாசனமும் மின்சாரமும் அத்துறையின்கீழ் இருந்தன. பாடநூல்கள் இந்த நான்காண்டுகளை ஏனோ விரைந்து கடந்துவிடுகின்றன.

அன்று மின்சாரம் மாகாணங்களிடமும் தனியாரிடமும் சிதறிக் கிடந்தது. நீலகிரியில், ஸ்ரீமதுரைக்கு அதிகத் தொலைவில்லாத சிங்காராவில் 1932 முதல் இயங்கிய பைக்காரா நீர்மின் நிலையம் சென்னை மாகாண அரசுடையது; நாடெங்கும் அந்நிலை இல்லை. மின்சாரம் மலிவாகவும் தாராளமாகவும் கிடைத்தாலன்றித் தொழில்மயமாக்கம் இல்லை, அஃதின்றி வறுமையிலிருந்து மீட்சியும் இல்லை என்பது அவர் கணக்கு. 1944இல் மத்திய தொழில்நுட்ப மின்வாரியம் உருவானது. அன்று பீகாரும் வங்கமும் பகிர்ந்த தாமோதர் ஆற்றுக்காக 1945 சனவரியில் கல்கத்தாவில் இரு மாகாணங்களையும் ஒரே மேசையில் அமரவைத்தார்.

1948இல் அது தாமோதர் பள்ளத்தாக்குக் கழகமாயிற்று. அவரோ அப்போது சட்ட அமைச்சர். தென்னக மின்தொகுப்பு நாட்டின் பிற பகுதிகளோடு ஒரே அதிர்வெண்ணில் இணைய 2013 டிசம்பர் 31 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.