வல்லை வெளியும் ஜோன் ஸ்டார்லியும்

யாழ்ப்பாணக் குடாநாட்டில் மலை இல்லை. ஆயினும் சோளகக் காலத்தில் வல்லை வெளியைத் துவிச்சக்கர வண்டியிற் கடந்தவர் எவரும் இங்கே ஏற்றம் இல்லையென்று சொல்லத் துணியார். நெல்லியடியிலிருந்து தென்மேற்காகப் புறப்பட்டு, பனையும் வளவும் பின்னே மறைந்து, இருமருங்கும் உவர் நிலமும் நீரேரியும் விரிகின்ற இடத்தை அடைந்தவுடன், காற்று நெஞ்சிலே கைவைத்துத் தள்ளுகின்றது. மலையேற்றமாவது உச்சியோடு முடியும்; இந்தக் காற்றுக்கு உச்சியும் இல்லை.

என் தமக்கையார் நீர்வேலியில் இருக்கின்றார். இடுப்பெலும்பு முறிந்து இரண்டாண்டாகப் படுக்கையில் உள்ளவர். ஞாயிறுதோறும் காலையிற் சென்று, பத்திரிகையை வாசித்துக் காட்டி, ஊர்ப் புதினம் பேசிவிட்டு மாலையில் திரும்புவது என் வழக்கம். சென்ற ஆனி மாதத்தில் ஒருநாள், எழுபத்தொரு வயதுக் கால்கள் வல்லைப் பாலத்தருகே மிதிக்க மறுத்துவிட்டன. இறங்கி வண்டியை உருட்டிக்கொண்டு போனேன். அதைக் கண்ட யாரோ ஒருவர் வாயிலாகச் செய்தி தொரன்ரோவிலுள்ள மகனுக்கு எட்டிற்று. அன்றிரவே அவன் தீர்ப்பு வழங்கிவிட்டான். இனிச் சைக்கிள் ஆகாது, ஓட்டோவிலே போகவேண்டும், பணம் அவன் அனுப்புவான். அன்பினாற் பிறந்த கட்டளைதான். எனினும், ஐம்பதாண்டுகளாகத் தன் காலை நம்பித் திரிந்தவன் பிறர் வருகைக்காகப் படலையிற் காத்து நிற்பது எளிதன்று. ஒரு மாதத் தவணை கேட்டு வாங்கினேன்.

சந்தியிற் சைக்கிள் திருத்தும் தம்பி என் வழக்கைக் கேட்டுவிட்டு, குறை காலில் இல்லை மாஸ்டர், பல்லில் இருக்கின்றது என்றார். வாயைப் பொத்திக்கொண்டேன். அவர் சுட்டியது வண்டியின் பல்லை. முன் பற்சில்லில் 48, பின் பிறீவீலில் 18. இளைஞனுக்கு ஏற்ற கணக்கு அது. பிறீவீலை மாற்றலாம் என்றார். எத்தனை பல்லுக்கு மாற்றுவது என்ற வினாவோடு வீடு திரும்பியவன், விடை தேடிப் புத்தகங்களைப் புரட்டியபோது, ஜோன் கெம்ப் ஸ்டார்லி என்பவரின் வாழ்க்கையிலே போய் விழுந்தேன். நாம் ஏறிச் செல்லும் வண்டியின் உருவத்தை உலகுக்குத் தந்தவர் அவர். நம் ஊரில் அவர் பெயரை அறிந்தார் சிலரே.

லண்டனை அடுத்த வோல்தம்ஸ்ரோவில் ஒரு தோட்டக்காரரின் மகனாகப் பிறந்தவர் ஸ்டார்லி. அவருடைய சிறிய தந்தையார் ஜேம்ஸ் ஸ்டார்லி அக்காலத்திற் பெரும் புகழ் பெற்ற கம்மியர். கொவென்றி நகரில் தையல் இயந்திரத் தொழிற்சாலையில் மேற்பார்வையாளராயிருந்து, 1860களின் இறுதியிற் பிரான்சிலிருந்து வந்த மிதிவண்டியைக் கண்டு அத்துறைக்குத் திரும்பியவர். 1870 ஆம் ஆண்டில் வில்லியம் ஹில்மனோடு சேர்ந்து ஏரியல் என்னும் உயர்சில்லு வண்டிக்கு உரிமைப் பத்திரம் பெற்றார். 1872 இல் இளைஞன் ஜோன் கொவென்றிக்கு வந்து, அவ்விருவரிடமும் தொழில் கற்கலானான்.

அந்த உயர்சில்லு வண்டியைப் பற்றிச் சற்று விரித்துரைத்தல் வேண்டும். என் பிறீவீல் வழக்கின் வேர் அங்கேதான் இருக்கின்றது. அவ்வண்டியில் மிதிகள் முன் சில்லின் அச்சிலேயே பொருத்தப்பட்டிருந்தன. சங்கிலி இல்லை. ஒரு மிதிச் சுற்றுக்குச் சில்லும் ஒரு சுற்றே சுழலும். ஆகவே விரைவு வேண்டுமாயின் சில்லைப் பெரிதாக்குவதன்றி வேறு வழியில்லை. 50 அங்குலம், 55 அங்குலம், 60 அங்குலம் என்று சில்லு வளர்ந்துகொண்டே போயிற்று. வளர்ச்சிக்கு எல்லை வகுத்தது மனிதனுடைய கால். காலின் நீளமே அவன் செல்லத்தக்க வேகத்தை விதித்தது. குட்டையாகப் பிறந்தவன் மெதுவாகவே போகவேண்டும் என்பது எத்தகைய அநீதி! அதனோடு, கல்லொன்று தடுக்கினால் ஓட்டுபவன் அத்துணை உயரத்திலிருந்து தலைகுப்புற விழுவான். முதியோரும் நீண்ட உடை தரித்த பெண்களும் அதனை அணுகவில்லை. முச்சக்கர வண்டியே அவர்களுக்கு வாய்த்தது.

1877 ஆம் ஆண்டில் வில்லியம் சற்றன் என்பவரோடு கூட்டுச் சேர்ந்து ஜோன் தனித் தொழில் தொடங்கினார். 1883 அளவில் அவர்களின் வண்டிகளுக்கு றோவர் என்னும் பெயர் இடப்பட்டது. அலைந்து திரிபவன் என்பது அதன் பொருள். சிறிய தந்தையார் 1881 இல் மறைந்துவிட்டார். கொவென்றி மக்கள் 1884 இல் அவருக்கு நினைவுச் சின்னம் எழுப்பினர். அதற்கு மறு ஆண்டிலேயே, அவரைப் புகழ் பெறச் செய்த உயர்சில்லு வண்டியின் காலத்தை முடித்துவைக்கும் பொருளை மருமகன் ஜோன் வெளியிட்டார் என்பதை நினைக்கும்போது எனக்கு ஒருவகை வியப்பு உண்டாகின்றது. குருவின் மரபிலே வளர்ந்தவனுக்குக் குருவின் படைப்பை ஒதுக்கிவைப்பது அத்துணை எளிதாய் இருந்திராது.

1885 இல் வெளிவந்த அந்த றோவர் பாதுகாப்பு வண்டியில் மிதிகள் நடுவே இருந்தன. சங்கிலி பின் சில்லை இழுத்தது. சங்கிலியைப் பின் சில்லுக்குப் பூட்டியவர்களில் இவர் முதல்வர் அல்லர். ஹென்றி லோசன் 1879 இலேயே அத்தகைய வண்டியொன்றைச் செய்திருந்தார், அது விலைபோகவில்லை. 1880 இல் மஞ்செஸ்ரரில் ஹான்ஸ் றெனோல்ட் உருளைச் சங்கிலியை ஆக்கிய பின்னரே உறுதியான சங்கிலி கைக்கு வந்தது. ஸ்டார்லியின் பெருமை, எல்லாவற்றையும் தக்க இடத்தில் வைத்ததிலே இருக்கின்றது. முதற் படைப்பில் முன் சில்லு பின்னதிலும் பெரிதாயிருந்தது. அடுத்தடுத்த திருத்தங்களில் இரண்டும் ஏறக்குறைய ஒப்பாயின. தரைக்கு அருகான இவ்வண்டியை ஏளனஞ் செய்தோர் பலர். அவ்வாண்டிலேயே நடந்த 100 மைல் ஓட்டத்தில், ஜோர்ஜ் ஸ்மித் என்பவர் றோவரில் ஏறி ஏழு மணி நேரத்துக்குச் சற்றுக் கூடிய பொழுதில் அத்தூரத்தைக் கடந்தார். ஏளனம் தணிந்தது. 1888 இல் டன்லொப் காற்றடைத்த ரயரைச் செய்தபின், உயர்சில்லு வண்டிகள் காட்சிச்சாலையை நோக்கிப் புறப்பட்டுவிட்டன.

1898 இல் லண்டனிற் கலைக் கழகத்தார் முன்னிலையில் வண்டியின் வளர்ச்சி பற்றி ஸ்டார்லி ஓர் உரை நிகழ்த்தினார். தாம் எண்ணியவற்றை அங்கே அவர் வரிசைப்படுத்தியிருக்கின்றார். ஓட்டுபவனைத் தரையிலிருந்து தக்க உயரத்தில் இருத்துதல் ஒன்று. இருக்கையையும் கைபிடியையும் உடம்புக்கேற்ப நகர்த்தத்தக்கதாக்குதல் இன்னொன்று. இவற்றோடு, மிதிக்கும் சில்லுக்கும் இடையிலுள்ள கணக்கை வேண்டியவாறு மாற்றத்தக்கதாக அமைத்தலையும் அவர் நோக்கங்களில் ஒன்றாகச் சொல்லியிருந்தார். இதைப் படித்தபோது நிமிர்ந்து உட்கார்ந்தேன். சந்தித் தம்பி சொன்னதும் இதுவே அல்லவா? காலுக்கேற்ற வண்டி, வண்டிக்கேற்ற கால் அன்று.

இனிக் கணக்குக்கு வருவோம். (மைலிலும் அங்குலத்திலும் சொல்வதை இளையோர் பொறுத்தருள்க, இத்துறை அங்குலத்திலேதான் பிறந்தது.) முன் பற்களைப் பின் பற்களால் வகுத்து, வருவதைப் பின் சில்லின் விட்டத்தாற் பெருக்கவேண்டும். என் சில்லு 28 அங்குலம். 48 ஐ 18 ஆல் வகுத்துப் பெருக்கினால் ஏறத்தாழ 75 வரும். அதன் பொருள், நான் 75 அங்குல உயர்சில்லு வண்டியை மிதிக்கின்றேன் என்பதே. ஆங்கில நாட்டார் இன்றும் இவ்வாறே, மறைந்த அந்தப் பெருஞ் சில்லின் அளவாற் கணக்குச் சொல்கின்றனர். பின்னே 20 பற்கள் வைத்தால் 67. 22 வைத்தால் 61. ஒரு மைலுக்கு எத்தனை முறை மிதிப்பது என்று பார்த்தால் கணக்கு இன்னும் அழகாய் அமைகின்றது: முறையே 270, 300, 330. இருபது பல்லில் ஒவ்வொரு மிதியும் பத்திலொரு பங்கு இலேசாகும். அதற்கு ஈடாக மைலொன்றுக்கு முப்பது மிதி கூடும். காற்றிடம் இலவசமாக ஒன்றும் வாங்கமுடியாது.

கியர் மாற்றும் வண்டி வாங்கினாலென்ன என்று கேட்பீர்கள். மூன்று கியர்களைச் சில்லின் குடத்துக்குள் அடக்கிய ஸ்டேர்மி ஆர்ச்சர் அமைப்பு 1902 இலேயே வந்துவிட்டது. பிரான்சின் பெரும் ஓட்டப் போட்டியில் வீரர் கியர் மாற்றும் கருவியைப் பயன்படுத்த 1937 வரை பொறுத்திருக்க நேர்ந்தது என்பது வேறு கதை. ஆனால் உவர்க் காற்றும் செம்மண்ணும் நிறைந்த நம் வீதியில், கழற்றித் துடைக்க எளிதான ஒற்றைக் கணக்கு வண்டியே எனக்குப் பழகியது. மேலும் அந்தப் பழைய வண்டிக்கு நான் கடமைப்பட்டவன். 1990 முதல் மின்சாரமும் எரிபொருளும் இல்லாதிருந்த ஆண்டுகளில் அதைத் தலைகீழாக நிறுத்தி, மிதியைக் கையாற் சுழற்றி, டைனமோவின் மின்னில் வானொலிச் செய்தி கேட்டோம். ஒரு கைச்சுற்றுக்கு இரண்டே முக்காற் சுற்றுக்குக் கிட்டச் சில்லு சுழன்றது. அன்றைக்கு 18 பற்களே நன்மை செய்தன. சுழற்றுவது நான்; காதைக் கொடுத்துக் கேட்டுச் சொல்வது தமக்கையார்.

ஒற்றைக் கணக்கு வண்டியில் ஒரேயொரு தீர்மானந்தான் உண்டு. அது எல்லாக் காற்றுக்கும் பொருந்தவேண்டும். 22 வைத்தாற் சோளகத்தை எதிர்த்துப் போகும்போது சுகம். மாலையில் அதே காற்று முதுகைத் தள்ளும்போது கால் வீணே சுழலும். 18 இல் திரும்புவது மட்டுமே சுகம். தம்பியும் நானும் அரை மணி நேரம் விவாதித்து, 20 என்று முடிவு செய்தோம். பழைய சங்கிலியையும் மாற்றவேண்டுமென்றார் அவர். நான் ஐயுற்றேன். அளந்து காட்டினார்: 12 அங்குலம் இருக்கவேண்டிய 24 கண்ணிகள் அதனைக் கடந்து கால் அங்குலம் நீண்டிருந்தன. நீண்ட சங்கிலி புதுப் பல்லில் ஏறி வழுக்கும். புதுச் சங்கிலியைப் பூட்டி, அச்சைச் சற்று நகர்த்தி இறுக்கினார். ஒரு மணி நேர வேலை.

ஆடி முதல் ஞாயிறு, காற்று முழுப் பலத்தோடு வீசிற்று. பாலத்திலே ஒருமுறை கால் தரையில் ஊன்றினேன் என்பதை மறைக்கமாட்டேன், ஆனால் உருட்டவில்லை. நீர்வேலியை அடைய வழக்கத்திலும் பத்து நிமிடம் கூடிற்று. பிந்தியதன் காரணத்தைக் கேட்ட தமக்கையாருக்கு, பத்திரிகைக்குப் பதிலாக ஸ்டார்லியின் கதையைச் சொன்னேன்.

சிறிய தொழிற்சாலை பெருகி, 1896 இல் றோவர் சைக்கிள் கம்பனியாயிற்று. ஐந்தாண்டு கழித்து, 1901 ஆம் ஆண்டு ஒற்றோபர் 29 ஆந் திகதி, ஐம்பது வயது நிரம்புமுன்னரே ஸ்டார்லி திடீரென இறந்துபோனார். 1904 இல் அக்கம்பனி மோட்டார் கார் செய்யத் தொடங்கியதை அவர் காணவில்லை. போலந்து நாட்டாரின் மொழியில் இன்றும் சைக்கிளுக்குப் பெயர் றோவர்தான். இதைச் சொன்னதும் தமக்கையார் சிரித்தார். பிறகு, அந்த மனிதருக்குப் பிள்ளைகள் உண்டா, அவர்கள் அவரைச் சைக்கிள் ஓடவிட்டார்களா என்று கேட்டார்.

மகனிடம் இன்னும் தவணை நீட்டிப்புக் கேட்டுக்கொண்டிருக்கின்றேன். 22 பல்லுப் பிறீவீல் ஒன்றையும் வாங்கி, எண்ணெய் தடவிக் கடதாசியிற் சுற்றி, அலுமாரியின் மேல் தட்டில் வைத்திருக்கின்றேன். அதை அவன் அறியான்.