ஓய்வுக்குப் பின் 44 ஆண்டுகள்

பெங்களூர் பையப்பனஹள்ளியில் 2022ஆம் ஆண்டு செயல்படத் தொடங்கிய ரயில் முனையம் சர் எம். விசுவேசுவரய்யாவின் பெயரைத் தாங்கி நிற்கிறது. கிருஷ்ணராஜசாகர் அணையைத் திட்டமிட்ட என்ஜினீயர், மைசூர் திவான் என்று அவரை எல்லோரும் அறிவார்கள். ஆனால் அவர் திவான் பதவியை விட்டது 1918ல், காலமானது 1962ல். இடையில் இருந்த ஏறத்தாழ 44 ஆண்டுகளை அவர் எப்படிக் கழித்தார் என்பதைப் பலரும் அறிய மாட்டார்கள்.

முதல் ஓய்வு

சிக்கபள்ளாப்பூர் அருகேயுள்ள முத்தேனஹள்ளி என்ற சிற்றூரில் பிறந்தவர் விசுவேசுவரய்யா. இளம் வயதிலேயே தந்தையை இழந்தார். பெங்களூரில் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக் கொடுத்து, அந்த வருமானத்தில் படித்தார். பூனாவில் என்ஜினீயரிங் முடித்து, 1884ல் பம்பாய் மாகாணப் பொதுப்பணித் துறையில் சேர்ந்தார்.

சுமார் 24 ஆண்டுகள் உழைத்தார். ஆனால் அந்நாளில் தலைமை என்ஜினீயர் நாற்காலி இந்தியர் ஒருவருக்குக் கிடைப்பது அரிது. எனவே 1908ல் தாமாகவே வேலையை விட்டு விலகி, வெளிநாட்டுப் பயணம் சென்றார்.

அந்த ஆண்டு செப்டம்பரில் மூசி நதி பெருக்கெடுத்து ஐதராபாத் நகரைச் சீரழித்தது. நிஜாம் அரசு அவரை அழைத்தது. வெள்ளத்தைத் தடுக்க அவர் வகுத்துத் தந்த திட்டத்தின் பயனாகவே உஸ்மான் சாகர், ஹிமாயத் சாகர் நீர்த்தேக்கங்கள் எழுந்தன. 1909ல் மைசூர் தலைமை என்ஜினீயரானார்; 1912ல் திவானானார்.

மனக்கசப்போடு ஒரு முடிவு

இரண்டாவது ஓய்வு அவ்வளவு சுமுகமானதல்ல. அரசு வேலைகளில் பிற்படுத்தப்பட்ட வகுப்பினருக்கு இடம் ஒதுக்க வேண்டும் என்ற கோரிக்கையை ஆராய, 1918ல் மைசூர் மகாராஜா மில்லர் கமிட்டியை அமைத்தார். தகுதி ஒன்றே அளவுகோல் என்று கருதிய திவானுக்கு இதில் உடன்பாடில்லை. பதவியை விட்டு விலகினார். ஆனால் ஒதுக்கீடு நிற்கவில்லை. 1921ல் மைசூரில் நடைமுறைக்கு வந்தது. அந்த வழக்கில் காலம் அவர் பக்கம் தீர்ப்புச் சொல்லவில்லை.

அப்போது அவர் அறுபதை நெருங்கிக்கொண்டிருந்தார். கசப்பை நினைத்துக்கொண்டே வீட்டில் உட்கார்ந்திருக்கலாம். அவர் அப்படிச் செய்யவில்லை.

மீண்டும் பத்ராவதி

திவானாக இருந்தபோது அவர் விதை போட்ட பத்ராவதி இரும்பாலை, 1923ல் உற்பத்தி தொடங்கிய காலத்தில் தள்ளாடிக்கொண்டிருந்தது. பழைய மனஸ்தாபத்தை ஒதுக்கி வைத்துவிட்டு, அதன் நிர்வாகக் குழுத் தலைமையை ஏற்றார். 1929 வரை அதைத் தூக்கி நிறுத்தப் பாடுபட்டார். அந்தப் பணிக்காகத் தமக்குச் சேர வேண்டிய ஊதியத்தை, இளைஞர்கள் தொழில் கற்கும் பள்ளிக்குக் கொடுக்கச் சொன்னார். பெங்களூரில் 1943ல் தொடங்கிய அந்தப் பள்ளி அவர் பெயரில் இல்லை. ஜெயசாமராஜேந்திரர் பெயரில் இருக்கிறது.

1934ல் நாட்டுக்குப் பத்தாண்டுப் பொருளாதாரத் திட்டம் ஒன்றை வகுத்து நூலாக வெளியிட்டார். இந்தியாவின் முதல் ஐந்தாண்டுத் திட்டம் வந்ததோ 1951ல். ஒரிசா வெள்ளத்தால் அவதிப்பட்டபோது, காந்தியடிகள் கேட்டுக்கொண்டதற்கு இணங்க, 1937ல் அங்கே சென்று நிலைமையை ஆராய்ந்து அறிக்கை தந்தார்.

தொண்ணூறைத் தாண்டியும்

கங்கை மீது மொகாமா அருகே பாலம் கட்டுவது என்று முடிவானதும், எந்த இடத்தில் கட்டுவது என்ற தகராறு எழுந்தது. 1952ல் அதைத் தீர்க்கும் பொறுப்பு விசுவேசுவரய்யாவிடம் ஒப்படைக்கப்பட்டது. தொண்ணூறு வயதைத் தாண்டிய அவர் பீகாருக்குச் சென்று நேரில் பார்த்துக் கருத்துக் கூறினார். ரயிலும் சாலையும் செல்லும் ராஜேந்திர சேது 1959ல் திறக்கப்பட்டது.

1955ல் பாரத ரத்னா வந்தது. 1960ல் நூற்றாண்டு விழா. அவர் உயிரோடு இருக்கும்போதே அரசு தபால் தலை வெளியிட்டது. முதுமையிலும் அவர் பழக்கம் மாறவில்லை. குறித்த நேரத்தில் வேலை. யாரைச் சந்தித்தாலும் கோட்டும் மைசூர் தலைப்பாகையும். அலுவலகம் இல்லாவிட்டாலும் அலுவலக ஒழுங்கு இருந்தது.

1962 ஏப்ரல் 14ல் பெங்களூரில் காலமானார். பிறந்த முத்தேனஹள்ளியிலேயே அவருடைய சமாதி இருக்கிறது.

ஓய்வு பெறும் எல்லோருக்கும் கங்கைப் பாலம் கிடைக்காது. ஆனால் விசுவேசுவரய்யா அந்த 44 ஆண்டுகளில் புதிதாக எந்த வித்தையும் கற்றுக்கொள்ளவில்லை. முப்பது ஆண்டுக்கு மேல் உத்தியோகத்தில் பழகிய வேலையையே, பதவி இல்லாமல், கேட்டவர்களுக்கெல்லாம் செய்து கொடுத்தார். கணக்குத் தெரிந்தவருக்கும், மனு எழுதத் தெரிந்தவருக்கும், மெஷின் தெரிந்தவருக்கும் அந்த வழி திறந்தே இருக்கிறது.